யார் குழைத்த சுண்ணாம்பு?

பயணம் கல்வியின் ஒரு கூறு என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. நூலில் கற்றதைக் கண்ணால் கண்டு தெளியவும், கண்ணால் கண்டதை நூலோடு ஒப்பிட்டு உணரவும் பயணம் துணை செய்கிறது. ஆகவே இக்கட்டுரை பயணத்திற்கு எதிரானது அன்று. பயணம் என்ற பெயரால் விற்கப்படும் ஒரு பொய்க்கு எதிரானது. வட இந்தியாவின் இராஜஸ்தான் பாலைநிலத்தில், கோட்டைகளுக்கும் அரண்மனைகளுக்கும் நடுவே, ஒரு வார காலம் மன்னரைப் போல் வாழ்ந்து வரலாம் என்று ஆசை காட்டும் ஆடம்பரச் சுற்றுலாவைப் பற்றியே ஈண்டுப் பேசப் புகுகின்றேன்.

சிங்கப்பூரில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் வசதி படைத்த குடும்பங்கள் அப்பக்கம் செல்கின்றன. பள்ளி திறந்தவுடன், ‘நான் மேற்கொண்ட பயணம்’ என்னும் தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகளில் அப்பயணம் வந்து அமர்ந்துகொள்கிறது. பளிங்குத் தரை, சரவிளக்கு, ஆம்பர் கோட்டையில் யானைச் சவாரி, வண்ணத் தலைப்பாகை என்று வருணனைக்குக் குறைவே இல்லை. ஆனால் வினா ஒன்றுகூட இல்லை. இவ்வரண்மனையைக் கட்டியவர் யார்? கல் சுமந்தவர் யார்? அவருக்குக் கிடைத்த கூலி என்ன? மழையே காணாத அந்த மண்ணில் நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இவ்வினாக்களை எழுப்பாத கட்டுரைக்கு, எழுத்துப் பிழை இல்லை என்ற ஒரே காரணத்தால் நாமும் நல்ல மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். பிழை மொழியில் இல்லை, பார்வையில் இருக்கிறது. பார்வையைத் திருத்துவதும் ஆசிரியர் கடமைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இவ்வரண்மனை விருந்தோம்பல் பன்னூறாண்டு மரபு என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. உண்மை வேறு. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை விடுதியாக மாறியது 1957ஆம் ஆண்டில். உதயப்பூரில் ஏரி நடுவே 1740களில் எழுந்த நீர் மாளிகை விடுதியானது 1960களில். சுதேச அரசுகள் இந்திய நாட்டோடு இணைந்து 1949இல் இராஜஸ்தான் உருவானபோது மன்னர்கள் ஆட்சியை இழந்தனர். 1971இல் அரசமைப்புச் சட்டத்தின் 26ஆம் திருத்தம் அவர்களுடைய மானியத்தையும் பட்டங்களையும் நீக்கியது. வருவாய் நின்றது, மாளிகையோ வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்குத் தீனி போடவே அறைகள் வாடகைக்கு விடப்பட்டன. 1982 ஜனவரி 26ஆம் நாள் ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ என்னும் இரயில் ஓடத் தொடங்கியது. மன்னர்களும் வைஸ்ராயும் பயணம் செய்த பழைய பெட்டிகளே தொடக்கத்தில் அதில் இணைக்கப்பட்டன. டில்லியிலிருந்து புறப்பட்டு ஜெய்ப்பூர், சித்தூர்கர், உதயப்பூர், ஜெய்சல்மேர், ஜோத்பூர் என்று ஒரு வாரத்தில் சுற்றி வருவது அதன் வழக்கம். எனவே இங்கு விற்கப்படுவது பண்டை மரபு அன்று. மரபு முடிந்தபின் தொடங்கிய வணிகம். வணிகம் செய்வது குற்றமன்று. வணிகத்தை வரலாறு என்று மாணவன் நம்புவதே கேடு.

ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனையைச் சான்றாகக் கொள்வோம். 347 அறைகள் கொண்ட அம்மாளிகைக்கு 1929இல் கால்கோள் இடப்பட்டது. 1943இல் பணி முடிந்தது. எச். வி. லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் வரைந்த திட்டம் அது. இன்று அதன் ஒரு பகுதியில் முன்னாள் அரச குடும்பத்தார் வாழ்கின்றனர். ஒரு பகுதி காட்சிக்கூடம். ஒரு பகுதி உலகப் புகழ் வாய்ந்த விடுதி. இம்மாளிகை எழுந்ததற்குக் கூறப்படும் காரணம்தான் நம் சிந்தனைக்குரியது. வறட்சியால் வாடிய மக்களுக்கு வேலை தருவதற்காகவே இது கட்டப்பட்டதாம். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் பல்லாண்டுகள் இதில் உழைத்தனர். அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மன்னரின் நோக்கத்தையும் ஐயுறவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பசித்தவனுக்குச் சோறு தர வேண்டும். அதற்கு ஈடாக அவனிடம் வேலை வாங்க வேண்டும். அவ்வேலை ஏன் 347 அறைகளாக முடிந்தது? பஞ்சம் மீண்டும் வரும்போது அவ்வறைகளுள் எது அவன் பிள்ளையின் தாகத்தைத் தணிக்கும்? இவ்வினாவை மாணவன் கேட்க வேண்டும். விடை எதுவாயினும் ஆகட்டும். கேளாமல் வருபவன் அரண்மனையைப் பார்த்தவன் ஆகான். அதன் சுவரைப் பார்த்தவனே ஆவான்.

ஜோத்பூருக்குத் தென்கிழக்கே கேஜட்லி என்றோர் ஊர் உண்டு. ஆடம்பரப் பயணத் திட்டங்களில் இவ்வூர்ப் பெயரைக் காண்பது அரிது. 1730ஆம் ஆண்டில், ஜோத்பூர் மன்னர் அபய சிங்கின் புதிய மாளிகைக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டது. சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு தேவைப்பட்டது. விறகுக்காக மன்னரின் ஆட்கள் அவ்வூர் மரங்களை வெட்ட வந்தனர். உயிர் வதையும் பச்சை மரம் வெட்டுதலும் கூடா என்பதைச் சமய நெறியாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள் வாழும் ஊர் அது. அமிர்தா தேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டித் தழுவி நின்றார், வெட்டுண்டு மாய்ந்தார். அவருக்குப் பின் அவருடைய மகள்மார். அவர்களுக்குப் பின் ஊரார். ஒருவர் பின் ஒருவராக 363 பேர் உயிர் நீத்தனர் என்பது அம்மக்கள் போற்றிக் காத்துவரும் வரலாறு. செய்தி எட்டிய பின்னரே மன்னர் வெட்டை நிறுத்தினார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடந்து, 1970களில் இமயமலை அடிவாரத்தில் மக்கள் மரங்களைக் கட்டித் தழுவிக் காத்த சிப்கோ இயக்கத்திற்கு முன்னோடி என்று இத்தியாகம் போற்றப்படுகிறது.

அம்மக்கள் உயிர் கொடுத்துக் காத்த மரம் எது தெரியுமா? அவர்கள் ‘கேஜ்ரி’ என்பர். நாம் வன்னி என்போம். தமிழாசிரியர்க்கு வன்னியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திருமுதுகுன்றம் என்று பழம்பெயர் கொண்ட விருத்தாசலத்தில் தல மரம் வன்னி. அக்கோயில் திருப்பணியில் உழைத்தவர்க்கு முனிவர் ஒருவர் வன்னி இலைகளைக் கூலியாக அளித்தார் என்றும், அவரவர் உழைப்பின் அளவுக்கேற்ப அவ்விலைகள் பொன்னாயின என்றும் தல வரலாறு கூறுகிறது. அது புராணமாகவே இருக்கட்டும். அதனுள் ஓர் அறம் இருக்கிறது: கட்டடம் எழும்போது உழைப்புக்கேற்ற கூலி கிடைக்க வேண்டும். ஓரிடத்தில் அதே மரத்தின் இலை உழைப்பாளிக்குக் கூலியானது. மற்றோரிடத்தில் அதே மரம் மாளிகைச் சுண்ணாம்புக்கு விறகானது. தடுத்தவர் தலை உருண்டது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் கற்பிக்கத் தமிழாசிரியரை விடத் தகுதி உடையார் யார்?

இனித் தண்ணீருக்கு வருவோம். ஜெய்சல்மேர் கோட்டை 1156இல் இராவல் ஜெய்சல் என்னும் மன்னரால் நிறுவப்பட்டது. மஞ்சள் நிற மணற்கல்லால் ஆன அக்கோட்டை கதிரவன் மறையும் நேரத்தில் பொன்னென ஒளிரும். 2013இல் இராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டபோது அதுவும் அவற்றுள் ஒன்றாயிற்று. இன்றும் மக்கள் குடியிருக்கும் கோட்டை அது. பழங்காலத்தில் மகளிர் கீழே உள்ள கடிசர் ஏரியிலிருந்து தலையில் குடம் சுமந்து தண்ணீர் கொண்டு சென்றனர். குடத்தில் வந்த நீரை எவரும் கொட்டிக் கழிப்பதில்லை. அதனால் சிறிதளவு நீரைத் தாங்கும் வகையிலேயே கோட்டையின் வடிகால் அமைந்திருந்தது. பின்னர்க் குழாய் வந்தது. பயணிகள் வந்தனர். கோட்டைக்குள் வீடுகள் விடுதிகளாயின. விடுதிகளில் குளியலறைகள் பெருகின. கழித்த நீர் மண்ணுக்குள் இறங்கி அடித்தளத்தை நெகிழ்த்தியது. எண்ணூறு ஆண்டுப் படையெடுப்பையும் வெயிலையும் தாங்கிய கோட்டையின் சில கொத்தளங்கள் சரிந்தன. 1996இல் உலக நினைவுச் சின்ன நிதியம் இக்கோட்டையை ஆபத்துக்குள்ளான சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பகைவர் பீரங்கி செய்யாததை நாம் குளிக்கும் தண்ணீர் செய்தது. பாலைநிலத்தைக் கண்டு வியக்கச் சென்றவர், பாலைநிலத்திலும் தம் வீட்டுக் குளியலறையே வேண்டும் என்று கேட்டதன் விளைவு இது.

சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும், விளங்க வேண்டும். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் தீவு நம்முடையது. ஜெய்சல்மேர் பெறுவதோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இத்தனை மழை பெய்யும் நாமே 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை தண்ணீர்ப் பங்கீட்டில் வாழ்ந்தோம். ஜொகூரிலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டு உடன்பாடு 2061இல் முடிவுறும் என்பதை நம் மாணவர் பாடமாகப் படிக்கின்றனர். கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி ‘நியூவாட்டர்’ என 2003 முதல் பயன்படுத்தி வருகிறோம். துளி நீரின் அருமையை இவ்வளவு கற்ற பிள்ளை, பாலைவன விடுதியின் நீச்சல் குளக் கரையில் நிற்கும்போது மட்டும் அப்பாடத்தை மறந்துவிடலாமா?

இராஜஸ்தானில் பார்க்கத்தக்கது ஒன்றுமில்லை என்று நான் கூறுவதாக யாரும் கருத வேண்டாம். பார்க்கத்தக்கன மிகுதி, ஆயின் பார்க்க வேண்டியவை வேறு. அபானேரி என்னும் ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமைந்த சாந்த் பாவடி என்ற படிக்கிணறு இருக்கிறது. 3500 படிகள் கணித ஒழுங்கோடு கீழிறங்கும் அக்கிணற்றைக் காட்டிலும் சிறந்த வடிவியல் பாடம் உண்டா? ஆல்வார் மாவட்டத்தில் இராஜேந்திர சிங் என்பவர் 1985 முதல் சிற்றூர் மக்களோடு சேர்ந்து, ‘ஜோஹட்’ எனப்படும் மண் தடுப்பணைகளை அமைத்தும் புதுப்பித்தும் வந்தார். வறண்டு கிடந்த ஆர்வரி ஆறு மீண்டும் ஓடிற்று. அப்பணிக்காக 2001இல் மகசேசே விருதும் 2015இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசும் அவரைத் தேடி வந்தன. நாட்டார் இசைவாணரான மாங்கணியார், லங்கா மக்களின் பாடல்களை ஊர் ஊராய்ச் சென்று திரட்டிய கோமல் கோத்தாரி, 1960இல் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவோடு இணைந்து போருந்தா என்னும் சிற்றூரில் ஓர் ஆய்வு நிலையம் கண்டார். விடுதியில் விருந்துண்ணும் வேளையில் பின்னணியாக ஒலிக்கும் அப்பாட்டுக்குப் பின்னே தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் காத்த ஒரு கலைக்களஞ்சியமே இருக்கிறது. உண்ணும் வாய் ஓயும்வரை காத்திராமல், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தெரிந்தவனே பயணி.

என் வாதத்திற்கு மறுப்புகள் எழும். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

‘விடுதிகள் இல்லையேல் இவ்வரண்மனைகள் பாழடைந்திருக்கும், ஆடம்பரப் பயணியின் பணமே அவற்றைக் காத்தது’ என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. சுவர் காக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் சுவரைக் காத்தவர் கதையைக் காக்கவில்லை. மன்னர் வேட்டையாடிய புலியின் படம் கூடத்தில் தொங்குகிறது. மரத்தைத் தழுவி மாண்டவரின் பெயர் அங்கு இல்லை. பாதி வரலாற்றைக் காப்பது மீதிப் பாதியை மறைப்பதற்கு உரிமம் ஆகாது.

‘இச்சுற்றுலாவால் பல்லாயிரம் ஏழைகளுக்கு வேலை கிடைக்கிறது’ என்பது இரண்டாம் மறுப்பு. கிடைக்கட்டும், அதைக் கெடுக்க நான் முனையவில்லை. ஆனால் வேலை கொடுத்தவன் என்ற காரணத்தால் ஒருவனை வினாவுக்கு அப்பாற்பட்டவனாக்கும் பழக்கம் மன்னர் காலத்தது. பஞ்சத்தில் வேலை கொடுத்தார் என்று அன்று மாளிகையைப் போற்றினோம். வறுமையில் வேலை கொடுக்கிறது என்று இன்று விடுதியைப் போற்றுகிறோம். இரண்டிலும் ஒரே வாய்பாடு. கூலி என்ன, நீர் யாருக்கு, நிலம் யாருடையது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை சொன்ன பிறகு புகழ்மாலை சூட்டிக்கொள்ளட்டும்.

‘வடநாட்டு மன்னரைச் சாடும் நீர், நம்மவர் மாளிகையைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?’ என்பது மூன்றாவது. நியாயமான கேள்வி. வறண்ட நிலமாகிய செட்டிநாட்டில் நகரத்தார் எழுப்பிய பெருவீடுகளுள் சில இன்று பாரம்பரிய விடுதிகளாகி, வெளிநாட்டாரை வரவேற்கின்றன. பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்து வியப்போர், பர்மாவிலும் மலாயாவிலும், இதே சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளிலும் ஈட்டிய வட்டிப் பணம் அத்தூணாக நிற்பதை அறிய வேண்டும். கூரையில் விழும் மழையை வீட்டு முற்றத்தில் பிடித்து, ஊரணிகளில் தேக்கிய அவர்களுடைய நீர் அறிவையும் அறிய வேண்டும். புகழ வேண்டியதைப் புகழ்வோம். கேட்க வேண்டியதைக் கேட்போம். அளவுகோல் வடக்கிற்கொன்று தெற்கிற்கொன்று அன்று.

‘உழைத்துச் சேர்த்த பணம், ஒரு வாரம் சுகமாக இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்பது நான்காம் மறுப்பு. இருக்கட்டும். உழைத்தவன் ஓய்வு கொள்வதை யார் தடுப்பார்? மெத்தையில் உறங்குங்கள், சுவையானதை உண்ணுங்கள். அதற்கு வரலாறு என்று பெயர் சூட்டாதீர்கள். பிள்ளைக்குப் பண்பாட்டைக் காட்டினோம் என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். சுகத்தைச் சுகம் என்றே அழைக்கும் நேர்மை இருந்தால் எனக்கும் உங்களுக்கும் வழக்கில்லை.

இனி நம் இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். பாலையைப் பற்றித் தமிழன் பிறரிடம் பாடம் கேட்க வேண்டிய நிலையில் இல்லை. அகநானூற்றின் நானூறு பாடல்களில் சரிபாதியாகிய இருநூறு பாடல்கள் பாலைத் திணைக்கு உரியவை. தனியே பாலை என்று ஒரு நிலம் இல்லை, காடும் மலையும் வெம்மையால் வளம் குன்றும்போது அவையே பாலையாகும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. நீர் காக்கத் தவறினால் எந்நிலமும் பாலையாகும் என்னும் எச்சரிக்கை அதில் அடங்கியுள்ளதன்றோ? அத்திணைக்குரிய உரிப்பொருள் பிரிவு. தலைவன் பொருள் தேடிப் பாலை வழியே செல்கிறான். தலைவி ஊரில் இருந்து நாள் எண்ணுகிறாள். நம் முன்னோர் கண்ட பாலை, பொருள் இல்லாதவன் பொருளுக்காக நடந்த வழி. இன்று விற்கப்படும் பாலை, பொருள் மிகுந்தவன் பொருளைச் செலவிடப் போகும் வழி. அங்கே வெயில் சுட்டது; இங்கே குளிரூட்டிய பெட்டியின் கண்ணாடி வழியே வெயில் அழகாகத் தெரிகிறது. இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்த நாம், இவ்விரு பாலைகளின் வேறுபாட்டை உணர்த்தினோமா?

சங்கப் பாலை எங்கே இருக்கிறது என்று காட்ட மாணவனை இராஜஸ்தான் வரை அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுதும் உழைத்த இளைஞர்கள், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் முன் வரிசையில் நிற்கின்றனர். கைப்பேசித் திரையில் தன் குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதைக் கண்டு சிரிப்பவன் இருக்கிறான்; பேசி முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொள்பவனும் இருக்கிறான். பொருள்வயிற் பிரிவு என்பது இதுதான். இத்துறைக்கு உரை எழுத இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? நம் கண்முன் எழும் உயர்ந்த கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு குழைப்போர் இவர்களே. இன்று அது சிமெண்டு, அவ்வளவே.

அரண்மனை பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அதிபர் மாளிகையாகிய இஸ்தானா இருக்கிறது. இஸ்தானா என்னும் மலாய்ச் சொல்லுக்கே அரண்மனை என்பது பொருள். 1867 முதல் 1869 வரை, மெக்நெயர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளரின் பொறுப்பில் ஆளுநர் மாளிகையாக அது கட்டப்பட்டது. கட்டிய கைகள் யாருடையவை? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்ட கைதிகளுடையவை. 1825இல் தொடங்கி, 1873இல் அத்திட்டம் முடியும்வரை, சாலை அமைத்தவர், சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர், செங்கல் சுட்டவர் அவர்களே. 1862இல் புனித அர்ப்பணிப்புச் சடங்கு கண்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் அவர்களே எழுப்பினர். அதன் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, சுவரில் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பளிங்கோ என்று ஐயுறும்படி மின்னும் அக்கலவை நம் தென்னாட்டுக் கொத்தர் கண்ட கலை. அதைக் குழைத்தவரின் பெயர் எக்கல்வெட்டிலும் இல்லை.

லிட்டில் இந்தியா என்று இன்று பயணிகள் அழைக்கும் வட்டாரத்திற்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் சுண்ணாம்புக் கம்பம். அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர். வீரமாகாளியம்மன் கோயிலையும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அவர்கள் அழைத்தனர். நகரம் வெண்மையாக மின்ன, அக்காளவாய்களின் வெக்கையில் வெந்தவர் நம்மவர். ஜோத்பூர் அரண்மனைச் சுண்ணாம்பின் கதையைக் கேட்டு நாம் கலங்குவதற்கு வேறு காரணமே வேண்டாம். இப்பெயர் ஒன்றே போதும். கல் சுமந்தவனின் பேரன், கல் சுமக்க வைத்தவனின் கட்டிலில் ஓரிரவு படுத்துவிட்டு, தலைப்பாகை கட்டிப் படம் எடுத்துக்கொண்டு, தன் முன்னோர் பெருமையைக் கண்டு வந்ததாகக் கட்டுரை எழுதுகிறான். இதனினும் பெரிய வரலாற்று மறதி வேறு உண்டோ?

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணக் கட்டுரை எழுதப் பணிக்கும்போது, வருணனைக்கு மட்டும் மதிப்பெண் அளிக்காதீர்கள். எந்த மாளிகையைக் கண்டாலும் நான்கு வினாக்களுக்கு விடை தேடுமாறு பணியுங்கள். இதைக் கட்டியவர் யார்? அவர் பெற்ற கூலி என்ன? இதற்கான மரமும் கல்லும் நீரும் எங்கிருந்து வந்தன? இதனால் வாழ்ந்தவர் யார், வாடியவர் யார்? இராஜஸ்தான் செல்ல வாய்ப்பில்லாத மாணவனும் இந்நான்கு வினாக்களோடு இஸ்தானாவைப் பற்றி எழுதலாம். ஆண்டில் சில நாள்கள் அதன் வாயில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திலும் நூலகங்களிலும் தேடினால் விடைகள் கிடைக்கும். விமானச் சீட்டு வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கே பயணக் கட்டுரை கைகூடும் என்னும் அநீதியும் இதனால் நீங்கும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். பெற்றோர் உங்களைப் பாலைநிலக் கோட்டைகளுக்கு அழைத்துச் சென்றால் மறுக்காதீர்கள், மகிழ்வோடு செல்லுங்கள். சென்றால், ஒரு நாளையேனும் கேட்டு வாங்கிக் கேஜட்லிக்குச் செல்லுங்கள். அங்கே வன்னி மரத்தடியில் நின்று, இதன் பெயர் எனக்குத் தெரியும், என் மொழியிலும் இதற்குப் பெயர் உண்டு என்று சொல்லுங்கள். அரண்மனைக்குள் நுழையும்போது வழிகாட்டி, வாழ்ந்த மன்னரின் பெயரைச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சுவரைத் தொட்டு, இந்தச் சுண்ணாம்பைக் குழைத்தவர் யார் என்று கேளுங்கள். அவர் விடை சொல்லத் தடுமாறும் அந்த இடத்திலிருந்துதான் உங்கள் கட்டுரை தொடங்க வேண்டும்.